முகாம் பக்கத்தில்தான்

புயல் போன பிறகும் தண்ணீர் வடியவில்லை. அதனால் மீட்புப் படகு எங்கள் வீட்டு ஹால் வழியாகப் போய்வரத் தொடங்கியது. வாசலில் நுழையும். மின்விசிறிக்குக் கீழே நிற்கும். சமையலறை வழியாக வெளியேறும்.

நானும் என் மனைவி தவமணியும் பரண்மேல் இருந்தோம். அவளுக்கு நிறைமாதம்.

முதல் தடவை படகைப் பார்த்ததும் இருவரும் கையாட்டினோம். அதில் ஒரு கண்டக்டர் இருந்தார். உத்திராபதி என்று பெயர். விசில் அடித்தார். நனைந்த குடும்பம் ஒன்று படகிலிருந்து பரணில் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எங்களையும் ஏத்திக்குங்க," என்றேன்.

"நீங்கதான் முகாம்ல இருக்கீங்களே."

"இது என் வீடுங்க."

"வீடுதான். இன்னிக்குக் காலைலேருந்து முகாம்."

"இங்கயும் தண்ணி நிக்குதே!"

"எந்த முகாம்லதாங்க நிக்கல?"

படகு போய்விட்டது.

தினமும் ஆட்கள் வந்தார்கள். ஆள் ஏற ஏறப் பரண் நீண்டது. இருந்தும் இடம் போதவில்லை. தையல்கடைக்காரர் ஒருவர் என்னிடம் டீ எப்போது வரும் என்று கேட்டார்.

"நானும் உங்களமாதிரிதாங்க. மாட்டிக்கிட்டு இருக்கேன்."

"முகாம் நடத்துறவர் பேசுற பேச்சா இது?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தவமணியும் ஆட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வலி கண்ட அன்று, நான் குதித்து நீந்திப் படகின் கயிற்றை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடுய்யா!" என்று கத்தினேன்.

உத்திராபதி விசில் அடித்தார். படகு கிளம்பியது. கூடவே ஜன்னல் போனது. ஜன்னலோடு சுவரும் போனது.

"ரொம்ப நன்றிங்க. திரும்புறதுக்கு இடமில்லாம கஷ்டப்பட்டுட்டு இருந்தோம்," என்றார்.

நான் தொண்டை கட்டும்வரை திட்டினேன். பிறகு பரணேறி ஓரத்தில் தொற்றிக்கொண்டேன். அதற்குள், முந்தின நாள் வந்து இறங்கிய நர்ஸ் ஜெசிந்தா தவமணியின் பக்கத்தில் போய்விட்டிருந்தாள். மற்றவர்கள் மிச்சமிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். தவமணி என் பெயரைச் சொல்லி அலறினாள். ஆட்களைத் தாண்டி என்னால் அவளிடம் போகமுடியவில்லை.

பெண் குழந்தை. அழவில்லை. எல்லோரையும் ஒருமுறை பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றது.

தள்ளி உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்த நான் தண்ணீரில் விழுந்தேன்.

உத்திராபதி உடனே படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். என் சட்டையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க," என்றார். "முகாம் பக்கத்துலதான்."