படிக்கட்டில் நின்ற பீரோ

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தூக்கிய பொருளைச் சேர வேண்டிய மாடி வருவதற்கு முன்னால் எவன் இறக்கி வைக்கிறானோ, அவனுக்கு அந்த வாரம் முழுக்க ‘மகாராணி’ என்று பெயர். இதைக் கண்டுபிடித்த மகான் மேஸ்திரி. அவர் கடைசியாகத் தூக்கிய கனமான பொருள் செல்போன்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்று நாலாவது மாடிக்கு ஓர் இரும்பு பீரோ. கீழ்ப்பக்கம் ‘கிரேன்’ என்று பட்டப்பெயர் வாங்கியவன், வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராத உடம்பு. மேல்பக்கம் அவன் தங்கை புருஷன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “அண்ணே, கனம் தூக்க மட்டும் விட்டுடாத. தையல் பிரிஞ்சா உசிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்று தங்கை காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். கிரேனும் மேல்பக்கத்துக்கு முதலில் வேறு ஆளைத்தான் கூப்பிட்டான். மேஸ்திரி விடுவாரா?

“ஏன், மாப்பிள்ளை முழுகாம இருக்காரோ?”

அவ்வளவுதான். மாப்பிள்ளை முந்திக்கொண்டு பீரோவைப் பிடித்துவிட்டார்.

இரண்டாவது மாடி தாண்டியதும் கிரேன் நிமிர்ந்து பார்த்தான். மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. ஒரு கை அடிக்கடி நழுவி அடிவயிற்றுக்குப் போனது. வாய் மட்டும் திறக்கவில்லை. கிரேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொத்தக் கனத்தையும் தோளில் வாங்கி, திருப்பத்தில் பீரோவை நிறுத்தினான்.

பின்னால் வந்த மேஸ்திரி, “யார்ரா இறக்கினது?” என்றார்.

“நான்தான்.”

“நீயா மகாராணி? ஆம்பளைன்னா...”

“அதையும் பாத்துருவோம். மேல்பக்கம் நீங்க புடிங்க.”

கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடிக் கதவு ஒன்று, காற்று வாங்கத்தானே, லேசாகத் திறந்தது. மேஸ்திரி பிடித்தார். சில படிகளிலேயே மூச்சு இரைத்தது.

“இறக்கணும்னு சொல்லுங்க, இறக்குறேன்.”

கண்ணில் தண்ணீர் முட்டியும் மேஸ்திரி சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் தெருவுக்கு ஒரு வருஷப் பேச்சு கிடைத்திருக்கும். கிரேன் ஏற்றவில்லை. பீரோவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு திருப்பத்துக்கே இறக்கினான்.

“இனிமே மூச்சு வாங்குறவன் எந்த மாடியிலயும் இறக்கலாம். எவனாவது சிரிச்சான், அந்த வீட்டுச் சாமான் பூரா அவன் தலைலதான்.”

பிறகு கீழ்ப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் திரும்பினான். “வீட்ல ஒருத்தி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கென்ன கேடு?”

“சொன்னா நீயும் சிரிப்பேன்னு நெனச்சேன் மச்சான். போன மாசம் கட்டில பாதி மாடியில இறக்கினவனப் பாத்து நீதான் ரொம்பச் சிரிச்ச.”

கிரேனின் கோபம் தணியவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியாமல் போயிற்று. “பேசாத, தோளப் புடி” என்று அதட்டி, மாப்பிள்ளையைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். பீரோவும் மேஸ்திரியும் வழியை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.