மனைவி புலம்பல்

1

நான் அழாத அழுகையொன்றை எனக்காக வேறொருவர் எழுதிக் கொண்டுவந்தார். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், 1926இல், நான்...'

வேண்டாம். அவர் கொண்டுவந்த தாளிலும் 'நான்' என்றுதான் இருந்தது. ஆகவே, குணபூசணி. அவள் கணவர் முத்துக்குமாரு, யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்குக் கப்பலேறி வந்த ரயில்வே கிளாக்கர், மலேரியாவில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

2

(சரமகவி தெரியாதவர்களுக்கு: சரமம் என்றால் கடைசி. இறந்தவர்மேல் பாடி, முப்பத்தோராம் நாளுக்குச் சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினருக்குக் கொடுப்பது. குலம், ஊர், உத்தியோகம் முடிந்ததும் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரும். புலம்புகிறவர்கள் எழுதுவதில்லை. புலவர் எழுதுவார்.)

3

தாளை எழுதிக் கொண்டுவந்த சபாபதி வாத்தியார் ராகத்தோடு வாசித்தார்: "பாதம் பிடித்தழுதேன் பாவியேன்..."

"வாத்தியார், நான் காலைப் பிடிக்கேல்லையே."

"கிள்ளான் தியாகராசாவின்ரை மனுசியும் பிடிக்கேல்லைத்தான், பிள்ளை. பாட்டிலை பிடிச்சவ. வாசிச்சு அழாத ஆளில்லை. சரி, அவர் கடைசியா என்ன சொன்னவர்? 'சிவசிவ' எண்டு போடட்டோ?"

[இந்த இடத்தில் இரண்டு முறை பேனாவை மூடிவிட்டேன்.]

ஒன்பது வயது மகள் பாக்கியத்தை, குணபூசணியைக் கேளாமலே, யாழ்ப்பாணத்தில் படிக்கவென்று கப்பலேற்றியிருந்தார் முத்துக்குமாரு. அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கூப்பிட்டார். அவள்...

"'குணம், கதைக்கமாட்டியோ?' எண்டு கேட்டவர். நான் கதைக்கேல்லை. அதைப் போடுங்கோ."

"உதை ஊரெல்லாம் வாசிக்குமே!"

"பாக்கியமும் வாசிப்பாள். துறைமுகத்திலை நான் அவரோடை முகம் குடுக்காமல் நிண்டதைப் பாத்தவள். இப்ப காலைப் பிடிச்சழுதனெண்டு வாசிச்சால், இனி நான் சொல்லுற எதை நம்புவாள்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "தன்னாலைதான் தாய் கடைசிவரை கதைக்கேல்லை எண்டு அந்தப் பிள்ளை நினைக்காதோ?"

குணபூசணி தாளை வாங்கி அந்த வரியை மறுபடி வாசித்தாள். எழுதுகிற நானும் இன்னும் அதையே வாசிக்கிறேன்.

4

முடிவு ஒன்று: பாட்டு அப்படியே அச்சாகிறது.

முடிவு இரண்டு: அதை அடித்துவிட்டு, அவர் கேட்டதையும் அவள் பேசாததையும் எழுதிக் கொடுக்கிறாள்.

முடிவு மூன்று: தலைப்பு மட்டும், கீழே வெற்றிடம். [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. நீக்கிவிட்டேன்.]

மறுநாள் தாள் அச்சுக்கூடத்துக்குப் போனது. எந்தத் தாள் என்று சொல்லமாட்டேன். பாக்கியத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். கடிதங்களில் மழையைப் பற்றி எழுதுவாள், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுவாள். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

உங்களுக்கு ஒன்பது வயது. தபாலில் புத்தகம் வந்திருக்கிறது. பிரியுங்கள்.