ஏற்றமில்லாத ஊரில் ஒரு டர்போ

மில்ரனுக்குத் தன் மனைவியைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டால் போதும், மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்துவிட்டு நிற்க வேண்டியதுதான். "எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில நோகுது எண்டு சொல்லிப்போடுவாள்" என்று ஆரம்பிப்பான். எங்கே முடிப்பான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கடலுக்குப் போகிறவன். மதுஷிகா மன்னார்த் தீவின் தோட்டவெளியில் அவர்களுடைய வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில் கராஜ் நடத்துகிறவள். பெண்பிள்ளை கராஜ் நடத்துவதா என்று தொடக்கத்தில் சிரித்த ஆட்களெல்லாம் இப்போது வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், டொக்டரின் முகத்தைப் பார்ப்பதுபோல.

ஆவணித் தொடக்கத்தில் ஒருநாள் உயிலங்குளத்திலிருந்து செல்லாயி வந்தாள். சின்ன வயதில், கலவரத்துக்குப் பிறகு, மலையகத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம் அவளுடையது. தோட்டம் செய்கிறாள். கத்தரிக்காயையும் பயிற்றங்காயையும் பின்சீற்றில் அடுக்கிக்கொண்டு தானே கார் ஓட்டி மன்னார்ச் சந்தைக்கு வருவாள். கார் என்றால் எண்ணூறு சிசி பெற்றோல் எஞ்சின் பூட்டிய, நாலு பேர் ஏறினால் முனகுகிற ஒரு பழைய சின்னக் கார்.

"மதும்மா, இந்தக் கார மலை ஏற வச்சுத் தருவியா?" என்றாள் வந்த கையோடு.

அவளுடைய அக்கா இன்னும் மலையில்தான் இருந்தாள். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கணவன் செத்துப்போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அவளுடைய லயம் இருப்பதோ ஒரு பள்ளத்தின் அடியில். பெரிய ரோட்டுக்கு வர ஒரு மைல் செங்குத்தாக ஏற வேண்டும். போன மாதம் செல்லாயி அக்காவையும் அவளுடைய சக்கர நாற்காலியையும் இரண்டு பையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட, மூன்றாவது வளைவில் கார் மூச்சடைத்து நின்றுவிட்டது. நின்றதோடு விட்டதா? பிறேக்கையும் மீறிப் பின்னுக்கு வழுக்கியது. லயத்துச் சனம் ஓடிவந்து தள்ளிப் பார்த்தும் நகரவில்லை. கடைசியில் அக்காவை மறுபடி அதே ஒற்றை அறைக் காம்பராவில் கொண்டுபோய் இறக்க வேண்டியதாகப் போயிற்று.

"ஒரு வாடகை வானைப் பிடிச்சுக்கொண்டு போங்கோவன்" என்றான் மில்ரன்.

"வான் திரும்புறதுக்கு எங்க தம்பி எடம்? மண்ணு சரிஞ்சு பாதி ரோடு போயிருச்சு. திரீவீல்ல ஆள ஏத்துனா முன்சில்லு எழும்புது. லயத்துப் பசங்க நாற்காலியோட தூக்கிட்டு வாறோம்ங்கிறாங்க. அக்கா கேக்க மாட்டேங்குது. 'பொணத்தத்தான் அப்படித் தூக்குவாங்க. நாப்பது வருசம் கொழுந்துக் கூடையோட இந்த ஏத்தத்துல ஏறுனவ நான். போனா உக்காந்து போவேன், இல்லாட்டி இங்கயே கெடப்பேன்'னு சொல்லிருச்சு." செல்லாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவதான் கார்ல ஏறுவாளாம். புரட்டாதி மழைக்கு முந்தி. அதுலயும் நின்னுச்சுன்னா அப்புறம் கூப்பிடாதங்கிறா."

மதுஷிகா காருக்குக் கிட்டப் போனாள். பொனற்றைத் திறந்து, அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றால் எதையோ தீர்மானிக்கிறாள் என்று மில்ரனுக்குத் தெரியும்.

"பெரிய எஞ்சினொண்டு மாத்தினா என்ன?" என்று கேட்டான்.

"வைக்க இடமும் இல்ல, பாரமும் கூடும். இந்த எஞ்சின் நல்ல எஞ்சின். காத்துத்தான் காணாது. மலையில காத்தும் மெலிசு, பிறகு எப்பிடி இழுக்கும்?" என்றவள் செல்லாயியிடம் திரும்பினாள். "அக்கா, டர்போ ஒண்டு பூட்டிப் பாப்பம்."

டர்போ என்றால் என்னவென்று அன்று பின்னேரம் மில்ரனுக்கு விளக்கினாள். எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளுகிற புகை இருக்கிறதே, அதற்கு இன்னும் வேகம் மிச்சம். அந்தப் புகையைப் போகிற வழியில் மறித்து விசிறிச் சக்கரம் மாதிரி ஒரு சின்னச் சில்லைச் சுற்ற வைப்பது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சில்லு. அது சுற்றச் சுற்ற வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், எஞ்சினுக்குப் பலம் வரும். மில்ரன் வாயைப் பிளந்தபடி கேட்டான். கழித்துவிட்ட புகையிடமே வேலை வாங்குகிற வித்தையை அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பழைய உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் வஸீர், நொறுங்கிப்போன ஒரு ஜப்பான் குட்டி வானிலிருந்து கைக்கு அடக்கமான டர்போ ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று கிழமை அந்தக் கொட்டகையில் நடந்ததை மில்ரன் இன்றைக்கும் தேவாலயத்தில் பூசை பார்த்தவன்போலத்தான் சொல்வான். புகைக்குழாயை வெட்டி, வளைத்து, ஒட்டி டர்போவைத் தாங்க வைத்தாள். அதற்கு எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். அமுக்கம் கூடி எஞ்சின் தட்டாமல் இருக்க, சிலிண்டர் தலைக்குக் கீழே தடித்த கஸ்கற் தகடு. எல்லாம் பூட்டி முடுக்கினால், காற்று ஏற ஏற எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் சோற்றில் கை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தவள் மூன்றாம் நாள் சாப்பாட்டை விட்டு எழும்பி ஓடினாள். காபரேற்றரின் பெற்றோல் கிண்ணத்துக்கு மேலேயும் அதே காற்றமுக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் இறங்காது. ஒரு மெல்லிய றப்பர்க் குழாயைக் கொண்டுபோய் அங்கே கொடுத்து, பலமான பெற்றோல் பம்பையும் மாற்றினாள். எஞ்சின் ஒரு விசிலடித்துக்கொண்டு எழும்பியது. மில்ரன் கொட்டகை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டான்.

பூட்டியாயிற்று, சரி. சோதித்துப் பார்க்க வேண்டாமா? மன்னார்த் தீவில் ஏற்றத்துக்கு எங்கே போவது? பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கிற தரை. அப்போதுதான் மில்ரன் வாழ்க்கையில் ஒருமுறை எஞ்சின் விஷயத்தில் மனைவிக்கு யோசனை சொன்னான்.

"என்ர பழைய போட்டை இழுக்க விடுவம். மலை பின்னுக்கு இழுக்கும், போட்டும் பின்னுக்குத்தானே இழுக்கும்."

மதுஷிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு மூளையை எங்க ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் போட்டைத் தோளில் தூக்கிக்கொண்டுகூட நடந்திருப்பான்.

கார் கிறவல் ரோட்டில். நீளக் கயிற்றின் மறுமுனையில், ஓரத்து மணலில், ஈர மணல் மூட்டை ஏற்றிய பழைய படகு. நூறு மீற்றர் தள்ளி, படகு முட்டி நிற்க ஒரு பனங்குற்றி. மில்ரன் ஓட்ட, மதுஷிகா பின்னால் படகோடு நடந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "முட்டினதும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. ரெண்டு நிமிசம் எஞ்சின் சும்மா ஓடவேணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சோளகக் காற்று காதை அடைத்ததில், பின்னால் நின்ற அவளுக்கு எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்கவில்லை. இரண்டு கழுதைகள் மட்டும் நின்று வேடிக்கை பார்த்தன. நாலு பேர் ஏறினாலே முனகிய கார், இப்போது படகை மூட்டையோடு இழுத்துக்கொண்டு போயிற்று. ஆறு நாள், நாளுக்கு ஏழெட்டுத் தடவை.

வியாழக்கிழமை பின்னேரம் விசில் நின்றுவிட்டது. பின்னால் நீலப் புகை. கார் பழையபடி முனகியது.

சனிக்கிழமை விடிய செல்லாயி புறப்பட வேண்டும்; ஞாயிறன்று கூட்டிவர வருவதாக அக்காவுக்குச் சொல்லியாயிற்று. மதுஷிகா டர்போவைக் கழற்றி மேசையில் வைத்து, விரலால் தண்டைச் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளே எண்ணெய் கருகி, சட்டி அடியில் பிடித்த சோறுபோல இறுகிக் கிடந்தது.

"நான் ஊத்தின எண்ணெய் சரியில்லையோ தெரியா" என்றாள் மெதுவாக. "குழாயை இன்னும் பெருசா வச்சிருக்க வேணும். என்ர பிழைதான். அந்த மனிசிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

மில்ரன் யோசித்தான். பேசாமல் இருந்தால் பழி எண்ணெய்க்குப் போகும், வஸீரின் பழைய சாமானுக்குப் போகும், அல்லது இவளே சுமந்துகொள்வாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இவளா, தன் கைவேலையையா குறை சொல்லிக்கொண்டு நிற்பது? அதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மது, உன்ர பிழை இல்ல. நான்தான்."

"என்ன நீங்கள்?"

"போட் முட்டினதும் நிப்பாட்டிப்போட்டன். ஒவ்வொருக்காவும். நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனா போட் தட்டின சத்தம் கேட்டவுடன கை தன்ர பாட்டுக்குப் போய்த் திறப்பைத் திருகி நிப்பாட்டிப்போடும். பிறகுதான் நினைவு வரும். திருப்பி ஸ்ராட் பண்ண வெக்கத்தில விட்டிட்டன்."

இருபது வருடமாகக் கரைக்கு வந்த கை அது. கடைசி அலையோடு முழு வேகத்தில் படகை ஏற்றி, அடிப்பக்கம் மணலில் தட்டிய அந்தக் கணமே எஞ்சினை நிறுத்தித் தூக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடி மணலில் அடித்து உடைந்துபோகும். கடலில் அது கெட்டித்தனம். டர்போவுக்கோ அதுதான் எமன். எஞ்சின் நின்றால் எண்ணெயும் நிற்கும், சிவக்கச் சூடான தண்டில் அது அப்படியே கருகும்.

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மதுஷிகா மேசையில் கிடந்த டர்போவை ஒரு பக்கம் நகர்த்தினாள். பிறகு அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கை படிச்சதைத்தானே செய்யும்" என்றாள். "படகு கட்டின காரை உங்களிட்டையே ஓட்டத் தந்தனே, நான்தான் யோசிச்சிருக்க வேணும். செல்லாயி அக்காவும் மேல ஏறி முடிச்ச சந்தோசத்தில உடன நிப்பாட்டிப்போட்டா என்ன செய்யிறது? திறப்பை எடுத்தாலும் ரெண்டு நிமிசம் ஓடுற மாதிரி ரைமர் ஒண்டு வைப்பம். சொன்னது நல்லதாப் போச்சு."

தான் செய்த நாசத்திலிருந்தும் இன்னொருத்திக்கு நன்மை எடுக்கிறாளே என்று மில்ரன் மலைத்துப்போனான். வெள்ளிக்கிழமை முழுவதும் அவன் கடலுக்குப் போகவில்லை. டர்போவைத் துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பல் துலக்கும் பிறஷால் கரியை உரசி எடுத்தார்கள். தண்டில் கீறல் இல்லை. மாலை நாலு மணிக்குப் பூட்டியபோது விரல் நுனி பட்டதுமே சில்லு சுற்றியது. படகை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். இம்முறை மதுஷிகா ஓட்டினாள். விசில் கேட்டது.

மறுநாள் செல்லாயி வந்ததும், திறப்பைக் கொடுக்கும் முன்பு மதுஷிகா எதையும் மறைக்கவில்லை.

"அக்கா, இது ஒருக்கா இறுகிப்போய், கழுவிப் பூட்டினது. போதுமானளவு சோதிக்க நேரம் கிடைக்கேல்ல. பயமாயிருந்தா இண்டைக்குப் போகாதேங்கோ."

செல்லாயி திறப்பை வாங்கி இடுப்பில் செருகினாள். "நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது? சொன்னியே, அதுக்காகவே போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இருவரும் கொட்டகைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதுஷிகா செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாமல் ஒரே ஸ்பானரை மூன்று தடவை துடைத்தாள். மில்ரன் தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். பதினொரு மணி தாண்டியும் அழைப்பு இல்லை.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. செல்லாயியின் எண். ஆனால் பேசியது வேறு குரல், கரகரத்த, வயதான குரல். மில்ரன் தொலைபேசியை மனைவியிடம் நீட்டி, தானும் காதைக் கிட்டக் கொண்டுபோனான்.

"நீதான் கார் செஞ்ச புள்ளயா? தங்கச்சி அழுதுக்கிட்டிருக்கா, பேச மாட்டேங்கிறா, அதான் நான் வாங்கினேன். இப்ப பெரிய ரோட்டுல நிக்கிறோம்." மூச்சு வாங்கிக்கொண்டது குரல். "லயத்துச் சனமெல்லாம் ரோட்டோரமா நின்னுச்சும்மா, எப்படியும் நிக்கும், தள்ளி விடுவோம்னு. மூணாவது வளைவுல நாலு பசங்க கைய நீட்டிக்கிட்டு ஓடியாந்தாங்க. யாரும் தொடல. தொட வேண்டி வரல. நான் சன்னலோரமா உக்காந்துக்கிட்டு எல்லாருக்கும் கை காட்டிட்டு வந்தேன்."

மதுஷிகா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அழத் தொடங்கினாள். மில்ரன் அவளுக்கு முன்னமே அழுதுகொண்டிருந்தான்.