அண்ணி கேட்ட ஒத்திகை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. கொடுத்தவர் என் அண்ணன் மனைவி. வேலை முடிந்து வந்தவர் தோள்பையைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"கதைதானே எழுதிக்கிட்டிருக்கே? என்னையும் ஒண்ணுல போடேன். அதுல நான் மேடை ஏறி நடிக்கணும். எப்படி இருக்குன்னு படிச்சுப் பாத்துட்டு, நிஜத்துல ஏறலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

எழுதுகிற எவளிடமும் இப்படியொரு பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. நான் சொதப்பினால் ஒரு மனுஷி தன் ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

சிறுவயதிலிருந்தே அவளுக்கு நடிப்பு என்றால் உயி— (இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

அவள் குரலைக் கேட்டால் கூட்டமே ஓடு— (அண்ணி பேயாகிவிட்டார். ஆனால் விஷயம் உண்மை.)

அண்ணி ரயில் நிலைய அறிவிப்பாளர். மாடியில் சின்ன அறை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி. கண்ணாடி வழியே கீழே பார்த்தால் தலைகள் மட்டும் தெரியும். மூன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி ஐந்தாவதுக்கு வரும் என்று அவர் சொன்னால் அத்தனை தலைகளும் பெட்டியும் பையுமாகப் படியேறும். அங்கே அவருக்குப் பயம் என்ற பேச்சே கிடையாது.

நிலைய ஊழியர்கள் ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போடுகிறார்கள். டிக்கெட் பரிசோதகர்தான் இயக்குநர். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்ட அண்ணி, இம்முறை பெயர் கொடுத்துவிட்டார். வெகுகாலம் கழித்து மகன் வீட்டுக்குத் திரும்பி வரும் தாய் வேடம். முதல் ஒத்திகையில் கதவைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"கதவைத் திறப்பா, அம்மா வந்திருக்கேன். கதவைத் திறப்பா, அம்மா வந்திருக்கேன்."

அதே ஏற்றம், அதே இறக்கம். எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்லிப் பழகிய வாய்.

"முதல் தடவையே கதவு திறந்துடும்மா" என்றார் பரிசோதகர். எல்லோரும் சிரித்தார்கள்.*

* கேலிச் சிரிப்பு இல்லை. நான் விசாரித்துவிட்டேன். அண்ணியிடம் சொல்லித்தான் பயனில்லை.

அன்றிலிருந்து அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒத்திகைக்கு மட்டும் கட்டிக்கொள்ளும் தொண்டை. டியூட்டியில் கணீரென்றுதான் இருந்தது.

3

இங்கே பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆயிரம் பேரை ஓடவைப்பவர் நூறு பேருக்கு ஏன் நடுங்க வேண்டும்? நம்பும்படி இல்லையே என்பீர்கள். பாத்திரத்தையே கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மேல இருந்து பாத்தா யாருக்கும் மூஞ்சி கிடையாதுடி. மேடையில நின்னா எல்லாருக்கும் இருக்கு. அதுவும் தெரிஞ்ச மூஞ்சிங்க."

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "கஷ்டமா இருந்தா விட்டுடேன். யாரு உன்னைக் கட்டாயப்படுத்துறா?"

அண்ணன் நல்லவர். அந்தக் கேள்வியில் இருந்தது பாசம்தான். (இந்த இடத்தில் கதைக்குள் கட்டுரை எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் ஓர் ஆசையை ஓசைப்படாமல் முடித்துவைப்பதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. யாராவது திட்டினால் வீம்புக்காகவாவது எழுந்து போவோம். பாசம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்காரத்தானே தோன்றும்?

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பிடிச்சிருக்கே" என்றார் அண்ணி. அண்ணனுக்குக் கேட்டிருக்காது. வெங்காயத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

4

முதல் முடிவை அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். அண்ணி நடிக்கிறார், அரங்கமே எழுந்து நிற்கிறது, கைதட்டலில் கூரை அதிர்கிறது.

படித்தார். திருப்பிக் கொடுத்தார். "அவங்கல்லாம் என்கூட வேலை பாக்கிறவங்க. கூரையெல்லாம் அதிராது. டீ வந்துடுச்சான்னுதான் திரும்பிப் பாப்பாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் இரண்டாவதை எழுதினேன். அண்ணிக்கு வசனம் மறந்துவிடுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்து அழுகிறார். எழுதி முடித்ததும் கிழித்துப்போட நினைத்தேன். அதற்குள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். கடைசி வரைக்கும் படித்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன அண்ணி? அவ்வளவுதான்."

"அழுதேன், சரி. சாப்பிட்டேனா?"

"ம்... சாப்பிட்டீங்க."

"உங்க அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை."

"மறுநாள் டியூட்டி?"

"போனீங்க. வண்டியெல்லாம் வழக்கம்போல லேட்டு."

அண்ணி தாளை இன்னொரு முறை பார்த்தார். இத்தனை வருஷமாக அவரை மேடை ஏறவிடாமல் வைத்திருந்த பூதம் முழுசாக அதில் இருந்தது. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. போனை எடுத்துப் பரிசோதகரைக் கூப்பிட்டார். "சார், தொண்டை சரியாயிடுச்சு. நாளைக்கு எத்தனை மணிக்கு ஒத்திகை?"

(இந்த இடத்தில் நான் அழுதேன். கதாசிரியை அழுவதைக் கதையில் எழுதக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன், இனி அடிக்கப்போவதில்லை.)

5

இன்று நாடகம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அண்ணன். முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.

"மறந்துட்டா என்ன பண்ணுவா?" என்கிறார்.

"வீட்டுக்கு வருவாங்க. சாப்பிடுவாங்க. இந்தத் தடவை நீ சமைச்சு வை."

மேடையில் ஒரு பலகைக் கதவு நிற்கிறது. அதற்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிகிறது. இப்போது நான் மூன்றாவது முடிவை எழுத வேண்டும். நேற்று ராத்திரியே முயன்றேன்:

கதவு திறந்ததும் அண்ணி நிமிர்ந்து எல்லோருடைய முகத்தை— (இல்லை.)

கதவு திற— (இதுவும் இல்லை.)

காலையில் கிளம்புமுன் அந்தத் தாளை அண்ணியிடம் நீட்டி, முடிவு வரவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றேன். சீப்பை வாயில் கவ்வியபடி முடியைக் கட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஆகவே முடிவு உங்களுடையது. கைதட்டலோ, மறதியோ, டீயோ, உங்கள் மனசுக்கு எது வருகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணியிடம் காட்ட வேண்டியதில்லை. இன்றைக்கு அவர் எதையும் படித்துப் பார்க்காமலே மேடை ஏறிவிட்டார்.