மௌனத்துக்கு எத்தனை எண்ணிக்கை

நானூறு காட்சி ஓடிய நாடகத்தைப் பாட்டும் வாத்தியமுமாக இசை நாடகம் ஆக்குவது என்று முடிவானதும் முதலில் ஆள் அனுப்பியது புத்தகக்காரிக்குத்தான். மேடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் தடுமாறும் இடத்தில் வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்த நாடகப் பிரதி அவள் மடியில்தான் கிடக்கிறது. யார் எந்தப் பக்கமாக நுழைவது, எந்தக் காட்சி எத்தனை நிமிடம் என்றெல்லாம் ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தாள். அவளைக் கேட்காமல் அந்த நாடகத்தில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது.

இசை நாடகம் அவ்வளவு லேசில் உருவாகிவிடவில்லை. இசையமைப்பாளர் பதினான்கு பாட்டு போட்டார். முதல் முழு ஒத்திகை மூன்றே முக்கால் மணி நேரம் இழுத்தது. கடைசிப் பாட்டு வருவதற்குள் டிரம்ஸ் வாசிப்பவரே கொட்டாவி விட்டார். ஐந்து பாட்டுக்குக் கத்தரி விழுந்தது. நாயகியின் தங்கை பாத்திரமே காணாமல் போயிற்று. அதில் நடித்த பெண் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரிய இடி விழுந்தது முன்னோட்டக் காட்சியில். கதையில், ஆறு வருடம் கழித்து வீடு திரும்பும் கணவன் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்பான். பழைய நாடகத்தில் மனைவி நெடுநேரம் வாயே திறக்கமாட்டாள். அதற்கப்புறம், "கதவு திறந்துதானே இருக்கு" என்பாள். ஜனங்கள் அந்த மௌனத்துக்காகவே இரண்டாம் முறை டிக்கெட் வாங்கினார்கள். இசையமைப்பாளர் அந்த இடத்தில் ஒரு நீளப் பாட்டை வைத்திருந்தார். நல்ல பாட்டுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது முடிவதற்குள் பாதி அரங்கம் இருமத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை ஒத்திகைக் கூடத்தில் இயக்குநர், "பாட்டு வேண்டாம். பழையபடி மௌனமே இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும். எத்தனை எண்ணிக்கை?" என்றார் இசையமைப்பாளர். "இருபது பேர் வாத்தியத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. எண்ணிக்கை தெரியாம அடுத்த இசையை எல்லாரும் ஒண்ணா எப்படி எடுக்கறது?"

எல்லாருடைய கண்ணும் புத்தகக்காரி மேல் விழுந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அந்த மௌனம் நாடகாசிரியர் எழுதியதல்ல. நாடகம் முதன்முதலாக மேடையேறிய அன்று தானாக நிகழ்ந்து, அவரே சொக்கிப்போய் மறுநாள் பிரதியில் சேர்த்துக்கொண்டது. அன்று மனைவியாக நடித்தவள் புத்தகக்காரியின் அண்ணி. பேட்டி கொடுக்கும்போதெல்லாம் அண்ணி ஒன்றையே சொல்வாள்: "நான் நிறுத்தினேன், என் நாத்தனாருக்குப் புரிஞ்சுது. வேற ஆளா இருந்தா வசனத்தை எடுத்துக் குடுத்துக் காரியத்தையே கெடுத்திருப்பாங்க." அந்த வார்த்தைகள் இப்போது புத்தகக்காரியின் படத்தோடு நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சாகப் போகின்றன. அவள் படம் எதிலும் அச்சாவது அதுதான் முதல் தடவை.

அவள் பிரதியைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

உண்மை அவள் நெஞ்சில் இருபத்திரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. வசனம் எடுத்துக்கொடுப்பவள் நாடகம் பார்க்கக் கூடாது. புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். அன்று அவள் புத்தகத்தை மூடிவிட்டு, டிக்கெட் வாங்கி வந்தவளைப் போல அழுதுகொண்டிருந்தாள். அப்புறமும் அந்த இடம் வந்தால் நானூறு காட்சியிலும் அதே கதிதான். எண்ணுவதாவது, எழுதுவதாவது!

வீட்டில் அண்ணி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகக்காரி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நான் புரிஞ்சுக்கிட்டு வசனத்தை நிறுத்தி வைக்கலை. புத்தகத்தையே பார்க்கலை. அழுதுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்" என்றாள் அண்ணி.

"என்ன தெரியும்?"

"எனக்கு வசனம் சுத்தமா மறந்துபோச்சு. நீ எடுத்துக் குடுப்பேன்னு உன் பக்கம் திரும்பினா, புத்தகத்தை மூடி வெச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டிருக்க! எப்படியோ தேடிப் புடிச்சுச் சொன்னேன். உள்ளே வந்தா ஆசிரியர் கையப் புடிச்சுக் கொண்டாடறார். நடந்ததைச் சொன்னா அன்னிக்கே உன்னைத் துரத்தியிருப்பாங்க. அதான் பேசி வெச்சுச் செஞ்ச மாதிரி ஒரு போடு போட்டேன்."

புத்தகக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தனக்காக ஒருத்தி இத்தனை வருடம் ஒரு பொய்யைச் சலிக்காமல் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபடி பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் நடந்த காட்சியில எல்லாம் எவ்வளவு நேரம்னு எப்படிக் கணக்கு வெச்சீங்க?"

"கணக்கென்னடி கணக்கு? உன்னைப் பார்ப்பேன். நீ கண்ணைத் தொடைச்சதும் பேசிடுவேன்."

மறுநாள் புத்தகக்காரி கூடத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காது இரண்டும் சுட்டது. கையேட்டிலிருந்து அந்த வரிகளையும் படத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். இசையமைப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அப்போ எண்ணிக்கை இல்லை" என்றார்.

"இல்லை. நான் ஓரத்துல உட்கார்ந்து கையைத் தூக்கறேன். அப்போ எடுங்க."

அவர் முனகினார். பிறகு வாசித்துப் பார்த்தார்கள். அதற்குமேல் அவர் முனகவில்லை.

இசை நாடகத்தின் முதல் காட்சியன்று அரங்கம் நிறைந்துவிட்டது. அண்ணி முன்வரிசை வேண்டாமென்று அடம்பிடித்து, மேடை ஓரத்தில் முக்காலிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கணவன் வாசலில் நின்று கேட்டான். இசை நின்றது. இருபது பேரும் வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தையே பார்த்தார்கள். புது நடிகையும் பார்த்தாள். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை.

புத்தகக்காரியின் மடியில் புத்தகம் மூடிக் கிடந்தது. கன்னம் நனைந்திருந்தது. கை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

அண்ணி முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள்.

"கையைத் தூக்குடி."