சாய்ந்து நின்ற பெயர்

அந்த அச்சுக்கடையில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றால், முனைகளில் மெல்லிய கொக்கி வைத்து ஒயிலாகச் சாயும் எழுத்து மணமக்கள் பெயருக்கு மட்டும். அழைக்கும் பெரியவர்கள் நிமிர்ந்துதான் நிற்கவேண்டும். எல்லோரும் சாய்ந்தால் யார் மாப்பிள்ளை என்று எப்படித் தெரியும் என்பாள் கடைக்காரி. பன்னிரண்டு வருஷத்தில் எந்தக் கொம்பனுக்கும் அவள் இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

மதியம் அவளுடைய அப்பா வந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மா இறந்துபோன இந்த ஆறு வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறவர். மகளிடம் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பத்திரிகை. அந்தச் சாஞ்ச எழுத்துல போடும்மா."

"யாருக்குப்பா?"

"அதுல இருக்கு."

மணமகள் இடத்தில் யாரோ ஒரு டீச்சர் பெயர். மணமகன் இடத்தில் அப்பாவின் பெயர். அழைப்பவர் இடம் காலி. யார் வீட்டுக் கல்யாணத்தையோ முன்னின்று நடத்தப்போகிறார், வழக்கம்போல இடம் மாற்றி எழுதித் தொலைத்திருக்கிறார் என்று அவளுக்குச் சுள்ளென்று வந்தது. அப்பாவின் பெயரை இறக்கி, அழைப்பவர் வரிசையில் நிமிர்த்தி வைத்தாள்.

"மாப்பிள்ளை பேரையே காணோமேப்பா. அவசரக்குடுக்கை மாதிரி உங்க பேரை அங்க எழுதி வச்சிருக்கீங்க."

அப்பா கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பேரு நேரா நிக்குதே."

"அழைக்கிறவங்க நேராத்தான் நிப்பாங்க."

"இல்லம்மா. அது சாயணும்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் இன்னும் குழம்பிப்போனாள். வருவது கோபமா, வெட்கமா, அம்மாவை நினைத்து அழுகையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் பெயரை மேலே தூக்கிச் சாய்த்தது. அறுபத்துமூன்று வயசு மனுஷர் திரையில் ஒய்யாரமாக நின்றார். பார்க்க நன்றாக வேறு இருந்து தொலைத்தது. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

"எத்தனை அடிக்கணும்?" வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"உனக்குத்தான். நேர்ல சொல்லலாம்னு நாலு தடவை வந்தேன், வாய் வரல. உன்கிட்ட கேக்காம மேற்கொண்டு பேச வேணாம்னு அந்த டீச்சர் சொல்லிட்டாங்க. அழைக்கிறவங்க இடத்துல உன் பேரு இருந்தா நடக்கும். இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடு. நான் வீட்டுக்குப் போய் சமையலைப் பாக்கறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலி இடத்தில் தன் பெயரை நிமிர்த்தி அடித்தாள்.

"ஒரே ஒரு பத்திரிகை அடிச்சா யாருப்பா கல்யாணத்துக்கு வருவாங்க?" என்று அதட்டினாள். "எத்தனை வேணும்னு அவங்களை வந்து சொல்லச் சொல்லுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க."