செவ்வந்தி மாலை போட்ட சிலிண்டர்

நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலை. அங்கே புதிதாக மேலாளராக வந்த சரிதா, பாதுகாப்புச் சோதனையைக் காகிதத்திலிருந்து செல்போனுக்கு மாற்றினாள். இனி மேஸ்திரி சடையன் டிக் அடித்தால் மட்டும் போதாது. தீயணைப்பு சிலிண்டர்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

முதல் நாளே படங்கள் வரத் தொடங்கின. குடோன், மோட்டார் ரூம், கேன்டீன் என்று எல்லா இடத்திலும் சிவப்பு சிலிண்டர் பளிச்சென்று இருந்தது. சரிதாவுக்குப் பரம திருப்தி. அப்புறம்தான் கவனித்தாள். எல்லாவற்றின் கழுத்திலும் ஆயுத பூஜைக்குப் போட்ட அதே வாடிய செவ்வந்தி மாலை.

எழுந்து போய்ப் பார்த்தாள். சடையன் சிலிண்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

“ஏனுங்கண்ணா, மொத்தமே ஒண்ணுதானா?”

“ஆமாங்க மேடம். மத்ததெல்லாம் எப்பவோ காணாமப் போயிருச்சுங்க. காகிதத்துல டிக் அடிக்கறப்ப ஒரு கஷ்டமும் இல்லீங்க. இப்பப் பாருங்க, கொழந்தையாட்டம் தூக்கிட்டு அலையறேன்.”

சரிதாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. முதலாளியிடம் சண்டை போட்டு, அந்த வாரமே புது சிலிண்டர்களை வாங்கி மாட்டவைத்தாள். அன்றைக்கு ஆலையிலேயே அதிகம் மகிழ்ந்தவர் சடையன்தான்.

“இனி கையை வீசிட்டுப் போயி போட்டோ எடுக்கலாமுங்க” என்றார்.